செப்டம்பர் 30-தான் விண்ணப்ப நாள்

வடசென்னையில் எந்தப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஒன்றிய அரசு பள்ளிக்கூடத்துக்குப் பணம் குடுக்குதாமே, அதுக்கு மனு எங்க குடுக்கணும்?" கொருக்குப்பேட்டையிலும் கேட்கிறார்கள், காசிமேட்டிலும் கேட்கிறார்கள், எண்ணூரிலும் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு குழந்தையின் அம்மா. சிலர் மனுவையே எழுதிக் கையோடு கொண்டுவந்திருப்பார்கள்.

அந்தப் பணம் வரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மனுவுக்கு இடம் இல்லை. பள்ளி ஒவ்வோர் ஆண்டும் யுடைஸ் பிளஸ் என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புகிறது. செப்டம்பர் 30-ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்பறைகள், எத்தனை கழிப்பறைகள் என்று அதில் ஏறுகிறதே, அதுதான் விண்ணப்பம். அங்கே ஏறாத குறைக்கு டில்லியிலும் பணம் இல்லை, கல்லூரிச் சாலையில் இருக்கும் மாநில அலுவலகத்திலும் இல்லை. தலைமை ஆசிரியர் தனியாக உட்கார்ந்து அவசரமாக முடிக்கும் வேலையாக அது இருக்கும்வரை, கூட்டத்தில் எத்தனை தீர்மானம் போட்டாலும் தண்ணீர்க் குழாய் மாறாது. ஆகவே இந்தப் பதிவு பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் சேர்த்தே.

முதலில் பணம் எது என்று தெரிந்துகொள்வோம். 2018 வரை தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு எஸ்.எஸ்.ஏ., உயர்நிலைக்கு ஆர்.எம்.எஸ்.ஏ., ஆசிரியர் கல்விக்குத் தனித் திட்டம் என்று மூன்றாக இருந்தவற்றை ஒன்றாக்கியதுதான் சமக்ர சிக்ஷா. தமிழ்நாட்டில் அதன் பெயர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. நமக்கு ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. எஸ்.எஸ்.ஏ. காலத்தில் பள்ளி மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், உயர் தொடக்க நிலைக்கு 7,000 ரூபாய், பராமரிப்பு மானியம் தனி என்று சில்லறை சில்லறையாக வந்தது. இப்போது அவை ஒரே தொகை. அதற்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று பெயர். பள்ளிகளில் சுருக்கமாக பள்ளி மானியம் என்பார்கள்.

2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான கட்டத்துக்கு வகுத்த அளவு இது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம். புதிய கட்டத்தின் வழிகாட்டி கைக்கு வரும்போது இந்த அட்டவணையை முதலில் சரிபாருங்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 100 பிள்ளைகள் என்றால் 25,000. 101 என்றால் 50,000. ஒரே ஒரு குழந்தையின் பெயர் விடுபட்டால் அந்தப் பள்ளி ஆண்டுக்கு 25,000 ரூபாயை இழக்கிறது. 250-க்கும் 251-க்கும் நடுவிலும் அதே 25,000. 90 முதல் 110 வரையிலும், 240 முதல் 260 வரையிலும் பிள்ளைகள் உள்ள பள்ளிகள் செப்டம்பர் மாதம் முழுக்க இந்தக் கணக்கிலேயே கண்ணாக இருக்க வேண்டும்.

பெயர் எப்படி விடுபடுகிறது? பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. நம் பகுதியில் குடும்பங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. வாடகை ஏறினால் வியாசர்பாடியிலிருந்து மாதவரத்துக்குப் போகிறார்கள். மறுகுடியமர்வு என்றால் ஊரின் மறுகோடிக்கே போக வேண்டியிருக்கிறது. மணலி, மாதவரம் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வந்து சேர்கிறார்கள். குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், காலை உணவும் மதிய உணவும் சாப்பிடும். ஆனால் எமிஸில் பழைய பள்ளி அதை விடுவித்திருக்காது. அல்லது விடுவித்து, பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுத் தொகுப்பில் போட்டிருக்கும், புதிய பள்ளி எடுத்துக்கொண்டிருக்காது. எமிஸ் நம் மாநிலத்தின் பதிவு. யுடைஸ் பிளஸ் ஒன்றிய அரசின் பதிவு. ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. 2022-23 முதல் யுடைஸ் பிளஸ்ஸில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு உண்டு. முன்புபோல "ஐந்தாம் வகுப்பு, ஆண் 14, பெண் 17" என்று மொத்தமாக எழுத முடியாது.

அதனால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கட்டும். ஒருவர் எமிஸ் பட்டியலிலும் இன்னொருவர் யுடைஸ் பிளஸ் பட்டியலிலும் டிக் அடிக்கட்டும். மூன்றும் ஒத்துப்போகாத பெயர்களைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இது ஒரு பிற்பகல் வேலைதான். மிச்சமாகும் பெயர்களில் பாதி பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டாலே தீரும். மீதியில் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாத சிக்கல் இருக்கும். முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதிலேயே பல பதிவுகள் நிற்கின்றன. ஆவணம் இல்லாத குழந்தையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது; வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, ஆவணத்தைப் பின்னால் ஓடி வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நிரந்தர எண் இருப்பதால் இரட்டைப் பதிவு மாட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், இல்லாத பிள்ளையின் பெயரில் வாங்கும் பணம் எங்கோ இருக்கிற பிள்ளையிடமிருந்து எடுத்தது.

படிவத்தின் அடுத்த பெரிய பகுதி கட்டடமும் வசதிகளும். இங்கேதான் நல்ல தலைமை ஆசிரியர்களே தவறு செய்கிறார்கள். பள்ளியைப் பற்றிக் குறையாக எழுதினால் பெயர் கெடும் என்று நினைத்து, வகுப்பறைகள் எல்லாம் நல்ல நிலை, கழிப்பறைகள் எல்லாம் பயன்பாட்டில் என்று நிரப்பிவிடுகிறார்கள். அதே பள்ளி பிப்ரவரியில் கழிப்பறை பழுதுக்குப் பணம் கேட்டுக் கடிதம் எழுதும். மாவட்டத் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கணினியைத் திறந்து பார்ப்பார்: கழிப்பறை 4, பயன்பாட்டில் 4. கடிதம் அதோடு கோப்புக்குள் போய்விடும். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிதான் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

ஆகவே படிவத்தைத் திறக்கும் முன் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். மேலாண்மைக் குழுவில் நான்கு பேர், ஒரு நோட்டு, ஒரு போன் போதும். கழிப்பறையை வெளியே நின்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். சாத்த முடிகிறதா? தாழ்ப்பாள் ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, போட்டால் விழுகிறதா? குழாயைத் திறந்தால் அந்த நேரத்தில் தண்ணீர் வருகிறதா? பீங்கான் உடைந்திருக்கிறதா? ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இறங்குகிறதா, நிற்கிறதா? பூட்டு தொங்கினால் சாவி யாரிடம், எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது? தண்ணீர், சாத்தக்கூடிய கதவு, உடையாத பீங்கான், வேலை செய்யும் வடிகால், தினசரிச் சுத்தம் எல்லாம் இருந்தால்தான் அது பயன்பாட்டில் உள்ள கழிப்பறை. ஆசிரியர்களுக்கென்று பூட்டி வைத்திருப்பதைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கழிப்பறை என்று எழுத வேண்டுமானால் சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்ப வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். வாசலில் இரண்டு படி இருந்தால் அது அந்தக் கணக்கில் வராது.

வகுப்பறைக்கு மூன்று நிலைகள் இருக்கின்றன: நல்லது, சிறு பழுது, பெரும் பழுது. ஓடாத மின்விசிறி, உடைந்த சன்னல் கதவு, பெயர்ந்த தரை எல்லாம் சிறு பழுது. கூரையில் கம்பி தெரிந்தால் அது சிறு பழுது இல்லை. கடற்கரையை ஒட்டிய பள்ளிகளில், ராயபுரம் முதல் எண்ணூர் வரைக்கும், இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு சிமெண்ட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, அதை மூடியிருக்கும் சிமெண்ட்டை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக ஒரு விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு பொத்தென்று ஒரு பாளம் விழும். மானியப் பணத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே துரு நிற்காது. அடுத்த மழைக்குப் பூச்சோடு சேர்ந்து இன்னும் பெரிய பாளமாக விழும். கீழே உட்கார்ந்திருப்பது குழந்தை. தயவுசெய்து அதைப் பூசி மறைக்காதீர்கள். அந்த அறையைப் பூட்டி, பெரும் பழுது என்று எழுதி, மாநகராட்சிப் பொறியாளரின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை இல்லாமல் பெரும் பழுது என்று எழுதினால் சரிபார்ப்பில் கேள்வி வரும். அறிக்கை இருந்தால் அந்த ஒரு தாளே கட்டடப் பணிக்கான வாதமாக நிற்கும்.

மழைநீர் புகும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று தாழ்வான இடங்களில் தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் எழுதி வைப்பதில்லை. எந்த நாள் புகுந்தது, எந்த அறையில் எத்தனை அங்குலம், எத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை, என்ன பொருள் நனைந்தது என்று அன்றன்றே தேதியோடு குறித்துப் படம் எடுத்து வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சேதக் கணக்குக் கேட்டால் கையில் காட்டத் தேவைப்பட்டது இந்த மாதிரித் தாள்தான்.

நடந்து பார்த்ததை அப்படியே தீர்மானமாக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடச் சொல்கிறது. மூன்று ஆண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டம். குழு அமைந்த நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பருக்குள், அது தயாராக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2024-இல் 24 பேர் கொண்டதாகக் குழுக்கள் மறுபடியும் அமைந்தன. தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது முக்கியம்தான். ஏற்றப்படும் வாசகம் அதைவிட முக்கியம்.

பெரும்பாலான தீர்மானங்கள் இப்படி இருக்கின்றன: "பள்ளியில் கழிப்பறை மற்றும் குடிநீர் வசதிகளை மேம்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது." இதைப் படிக்கும் அலுவலருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: "மேற்குக் கட்டடத் தரைத்தளத்தில் பெண் குழந்தைகளுக்கான கழிப்பறை 4. பயன்பாட்டில் உள்ளது 2. ஒன்றில் பீங்கான் உடைந்துள்ளது. இன்னொன்றில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு. பெண் குழந்தைகள் 92. 40 பேருக்கு 1 என்ற கணக்கில் 3 தேவை. பூட்டிய இரண்டையும் பழுதுபார்த்தால் போதும்; புதிதாகக் கட்டத் தேவையில்லை. பள்ளி மானியத்திலிருந்து செய்யலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது." இடம், எண்ணிக்கை, காரணம், யாருக்கு, எந்தப் பணத்திலிருந்து. இந்த ஐந்தும் இருந்தால் தீர்மானம் அலுவலகத்தில் தூங்காது. இரண்டாவது தீர்மானம் புதிய கட்டடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைக்கு மேல் கேட்காத பள்ளி அடுத்த முறை பெரிதாகக் கேட்கும்போது நம்புகிறார்கள்.

பள்ளியிலிருந்து போகும் விவரம் குறுவள மையம், வட்டார வள மையம், மாவட்டத் திட்ட அலுவலகம் வழியாக, கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் உள்ள மாநிலத் திட்ட இயக்ககத்துக்குப் போகிறது. அங்கே மாநிலம் முழுவதற்கும் ஆண்டுப் பணித்திட்டமும் பட்ஜெட்டும் தயாராகும். டில்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் அதைத் தலைப்பு வாரியாகப் பேசி ஒப்புதல் தரும். நிதியாண்டு தொடங்கும் வாக்கில் அது நடக்கும். ஆக இந்த செப்டம்பரில் எழுதியது அடுத்த கல்வியாண்டில்தான் பணமாகும். "போன மாசம்தானே சார் எழுதிக் குடுத்தோம், இன்னும் வரலியே" என்று பெற்றோர் கேட்கும்போது இந்தக் கால அளவைச் சொல்லிவிட்டால் வீண் மனக்கசப்பு வராது. உங்கள் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் யார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் பள்ளிக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பள்ளிகளுக்குத் தனிக் குறிப்பு. இந்தப் பகுதிகள் 2011-இல் மாநகராட்சியோடும், 2018-இல் சென்னை மாவட்டத்தோடும் சேர்ந்தவை. யுடைஸ் குறியீடு 11 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு வட்டாரம், பிறகு மூன்று இலக்கம் வார்டு, கடைசி இரண்டு பள்ளி. முகவரியில் சென்னை என்று இருப்பதை வைத்து எந்த வள மையம் என்று ஊகிக்காதீர்கள். குறியீட்டைக் காட்டிக் கேளுங்கள். குறியீடு தெரிந்த பெற்றோர் யார் வேண்டுமானாலும் யுடைஸ் பிளஸ் தளத்தில் தம் பள்ளியின் அறிக்கை அட்டையைத் திறந்து பார்க்கலாம். கடவுச்சொல் தேவையில்லை. பள்ளி எழுதியது என்ன, கண்ணால் பார்ப்பது என்ன என்று ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

பணம் வரும்போது பழைய மாதிரி பள்ளிக் கணக்கில் வந்து உட்காராது. 2021-க்குப் பிறகு மாநில அளவில் ஒற்றைக் கணக்கு. பள்ளிக்கு இருப்பது பூஜ்ய இருப்புக் கணக்கு. பாஸ்புக்கைப் போட்டுப் பார்த்துப் பணம் வரவில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள், பி.எஃப்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில் நுழைந்தால்தான் அது தெரியும். அங்கே கடைக்காரரின் விவரத்தைப் பதிந்து, செலவை ஒருவர் ஏற்றி, இன்னொருவர் ஒப்புதல் தந்து, பணம் வழங்கும் ஆணையை அச்செடுத்து, கையெழுத்திட வேண்டிய இருவரும் இட்டு, வங்கியில் கொடுக்க வேண்டும். அந்த ஆணைக்குக் காலக்கெடு உண்டு. அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டால் காலாவதியாகி மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே நடக்கும் தடங்கல்கள் பெரும்பாலும் சின்னவை. கடைக்காரர் கொடுத்த கணக்கு எண் கடையின் பெயரில் இருக்கும், பில் அவருடைய சொந்தப் பெயரில் இருக்கும். வங்கிகள் இணைந்த பிறகு மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைச் சொல்லாமல் பழையதையே கொடுத்திருப்பார். பணம் திரும்பி வரும்; திரும்பியதே மார்ச் கடைசியில்தான் கண்ணில் படும். அதனால் முதல் பில்லுக்கு முன்பே ரத்தான காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலை வாங்கிவிடுங்கள். மார்ச் 31 தாண்டினால் செலவாகாத வரம்பு போய்விடும். கொத்தனார், குழாய் வேலை செய்பவர் போன்றவர்களிடம் அச்சடித்த பில் இருக்காது. அவர்களுக்குக் கைரசீது போதும்: என்ன வேலை, எத்தனை நாள், கூலி எவ்வளவு, கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் 1 ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். பொருள் வாங்கும்போது மூன்று கடை விலைப்புள்ளி வாங்குங்கள். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் தணிக்கையில் வரும் முதல் கேள்வியே அதுதான்.

எதற்குச் செலவிடலாம்? பழுதான உபகரணங்களை மாற்ற, சாக்பீஸ் முதல் ஆய்வகப் பொருள்வரை வாங்க, இணையம், தண்ணீர், மின்சாரம், இருக்கிற கட்டடத்தையும் கழிப்பறையையும் பராமரிக்க. புதிதாகக் கட்ட அனுமதி இல்லை. குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்பது விதி.

180 பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியின் 50,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம். கழிப்பறைப் பழுதுக்கு 12,000. தூய்மைப் பொருள்களுக்கு 8,000. விதிப்படி 5,000 போதும், ஆனால் ஆண்டு முழுக்க வராது. தொட்டி கழுவ, குழாய் மாற்ற 6,000. மின்விசிறி, விளக்குக்கு 7,000. கரும்பலகை வண்ணம், எழுதுபொருள், பதிவேடுகளுக்கு 7,000. கணக்கு, அறிவியல் கருவிகளுக்கு 5,000. இணையத்துக்கு 5,000. இது ஒரு மாதிரிதான். மின்கட்டணம் போல மாநகராட்சியே கட்டுகிற செலவை இதில் சேர்க்க வேண்டாம். தொகை பாதி பாதியாக வந்தால் முதல் பாதியில் கழிப்பறையையும் தண்ணீரையும் முடித்துவிடுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்.

சில சிக்கனங்கள் நம் பகுதிக்கே உரியவை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் புதிது வாங்காதீர்கள். பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். கடலோரப் பள்ளியில் இரும்புக் கதவு அடியிலிருந்து அரிக்கும், கழிப்பறைக்கு பி.வி.சி. கதவே நிற்கும். கீலும் திருகும் துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள்; கதவு நன்றாக இருக்கும்போதே கீல் அரித்து விழுந்த இடங்கள் நிறைய. ஜி.ஐ. என்கிற இரும்புக் குழாயை மாற்றும்போது மறுபடியும் ஜி.ஐ. போடாதீர்கள்.

பள்ளி மானியத்துக்கு வெளியே அதே திட்டத்தில் வேறு தலைப்புகளும் உண்டு. படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் அவையும் வராது. நூலகத்துக்குப் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 வரை. விளையாட்டுப் பொருளுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, உயர் தொடக்க நிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. கணினி ஆய்வகத்துக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒருமுறை 6.4 லட்சம் வரை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை உதவி உண்டு. அவர்களில் பெண் குழந்தைக்கு மாதம் 200 வீதம் 10 மாதம் ஊக்கத்தொகை. இங்கே நடக்கும் இழப்புதான் மனத்தை மிகவும் வருத்துகிறது. காது மந்தமான பிள்ளை "கவனம் இல்லாதவன்" என்று கடைசி பெஞ்சில் இருப்பான். கற்றல் குறைபாடு உள்ள குழந்தை "மக்கு" என்று பேர் வாங்கியிருக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே போகிறது. வட்டார வள மையத்தில் நடக்கும் மருத்துவ முகாமுக்குச் சந்தேகம் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் கூட்டிப்போங்கள். சான்று வந்த பிறகு பதியலாம் என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளாமல், ஜூலையிலேயே தொடங்குங்கள்.

அரசு உதவிபெறும் பள்ளிகள் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நிறைய. அவற்றுக்குப் பள்ளி மானியம் கிடையாது, அது அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளுக்கு மட்டும். அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் நிர்வாகத்தோடு வீண் சண்டை வராது.

பணம் வராத ஆண்டும் உண்டு. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. நம் வரிப்பணம் நம் பிள்ளைகளுக்கு வராமல் நின்றது பெரும் அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டின் படிவத்தை ஏனோதானோ என்று நிரப்பினால் பணம் திறக்கும் நாளில் பள்ளிக்கு மறுபடியும் நட்டம். வராத ஆண்டிலும் படிவம் முழுதாகப் போக வேண்டும்.

மானியம் தாங்காத பெரிய வேலைக்கு வேறு கதவுகளைத் தட்டலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வடசென்னை வளர்ச்சித் திட்டமும் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் தரலாம். மணலி, எண்ணூர் ஆலைகளைச் சுற்றியுள்ள பள்ளிகள் இதை இன்னும் கேட்டு வாங்க வேண்டும், அந்தப் புகையைச் சுவாசிப்பது இந்தப் பிள்ளைகள்தான். ஒரே வேலையை இரண்டு இடத்தில் கேட்காதீர்கள். சுற்றுச்சுவர் ஒன்றில், கழிப்பறைத் தொகுதி இன்னொன்றில் என்று பிரித்து, எதை எங்கே கேட்டோம் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். இரண்டு நிதியில் ஒரே வேலை என்று தெரிந்தால் இரண்டுமே நிற்கும்.

செலவு முடிந்ததும் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, செலவுச்சீட்டு, தீர்மான எண் நான்கும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். வாங்கிய 12 குழாயும் இருப்புப் பதிவேட்டில் ஏறி, எந்த இடத்தில் பொருத்தியது என்று எழுதியிருக்க வேண்டும். வரவு செலவை வாசலருகே பலகையில் எழுதி வைக்கும் பள்ளிகளில் பெற்றோர் கேள்வி கேட்பது குறைந்து, கூட்டத்துக்கு வருவது கூடுகிறது.

கடைசியாக, தலைமை ஆசிரியர் மாறும்போது இதெல்லாம் கூடவே போய்விடக் கூடாது. ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, அதில் கையெழுத்தான யுடைஸ் படிவ நகல், பொறியாளர் அறிக்கை, மழைநீர்ப் படங்கள், தீர்மான நகல்கள், பயன்பாட்டுச் சான்றுகள், கடைக்காரர்களின் வங்கி விவரம் எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக வையுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியில் அந்தக் கோப்பின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரின் பெயர் மாற்றத்தை அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். ஜூனில் தள்ளிப்போட்டது அக்டோபரில் மழையோடு வந்து நிற்கும்.